இல்லாத ஊருக்கு வழி சொன்ன கையேடு

பள்ளிக்கூடத்துப் புவியியல் புத்தகம் ஞாபகமிருக்கிறதா? எந்த நாடாக இருந்தாலும் ஒரே வரிசைதான். அமைவிடம், இயற்கை அமைப்பு, ஆறுகள், காலநிலை, மண்வளம், காடுகள், வனவிலங்குகள், கனிமங்கள், பயிர்கள், தலைநகரம். பிரேசிலா, அதே வரிசை. நார்வேயா, அதே வரிசை. பரீட்சைக்கு முதல் நாள் ராத்திரி உட்கார்ந்து இதையெல்லாம் மனப்பாடம் செய்தபோது, "இப்படி ஒரு நாடு நிஜமாகவே இருக்கிறதா?" என்று நம்மில் ஒருத்தர்கூட சந்தேகப்பட்டதில்லை. எப்படி சந்தேகம் வரும்? வருஷத்துக்கு எத்தனை மில்லிமீட்டர் மழை என்று போட்டிருக்கிறதே!

எனக்கு அந்த சந்தேகம் வந்தது ஒரு அசைன்மென்ட்டால். சொந்தமாக ஒரு கற்பனை நாட்டை உருவாக்கி, அதன் காலநிலை, நிலஅமைப்பு, விலங்குகள் பற்றி நான்கு பக்கம் எழுதி வரச் சொன்னார்கள். பாதிப் பேர் உடனே ஆறு கால் யானை, ஊதா நிற மழை என்று ஆரம்பித்துவிட்டார்கள். நான் வழக்கம்போல, இதை இதற்கு முன்னால் யாராவது எழுதி வைத்திருக்கிறார்களா என்று தேடினேன் (காப்பியடிக்கத்தான், வேறு எதற்கு!). தேடியதில் ஒரு ஆசாமி மாட்டினார். நான்கு பக்கம் இல்லை, 350 பக்கத்துக்கும் மேலே எழுதிய ஆசாமி. அந்தப் புத்தகத்தை நம்பிக் கப்பலேறியவர்களில் முக்கால்வாசிப் பேர் உயிரோடு திரும்பவில்லை. அசைன்மென்ட்டை மறந்துவிட்டு இந்தக் கதையில் மூழ்கிவிட்டேன்.

நாட்டின் பெயர் போயாய்ஸ். புத்தகம் வந்த வருடம் 1822. எடின்பரோவிலும் லண்டனிலும் வெளியானது. தலைப்பை நம் மொழியில் சொன்னால், "போயாய்ஸ் பிரதேசம் உள்ளிட்ட மஸ்கிட்டோ கரையின் ஒரு சித்திரம்" என்று வரும். எழுதியவர் கேப்டன் தாமஸ் ஸ்ட்ரேஞ்ச்வேஸ், போயாய்ஸ் மன்னரின் மெய்க்காவல் அதிகாரி என்று அட்டையில் போட்டிருந்தது. அப்படி ஒரு கேப்டன் இல்லை. அவர் காவல் காத்த ராஜ்ஜியமும் இல்லை. "மன்னர்" மட்டும் இருந்தார். புத்தகத்தை எழுதியவரும் அந்த மன்னரேதான், அல்லது அவர் சொல்லச் சொல்ல எழுதிய கூட்டாளி என்பது பொதுவான கருத்து.

அந்த மன்னர்தான் கிரெகர் மெக்ரெகர். ஸ்காட்லாந்துக்காரர், 1786இல் பிறந்தவர். அப்பா கிழக்கிந்தியக் கம்பெனியில் கப்பல் கேப்டன். பையன் 1803இல் பிரிட்டிஷ் ராணுவத்தில் சேர்ந்தார், பணக்கார வீட்டுப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டார், 1810இல் ராணுவத்தை விட்டு வெளியேறினார், அடுத்த வருடம் மனைவி இறந்துபோனதும் கையில் காசில்லை. 1812இல் வெனிசுவேலாவுக்குப் போனார். அப்போது அங்கே ஸ்பெயினுக்கு எதிராக விடுதலைப் போர் நடந்துகொண்டிருந்தது. சைமன் பொலிவாரின் உறவுக்காரப் பெண்ணைத் திருமணம் செய்துகொண்டு ஜெனரல் பதவி வரை உயர்ந்தார். இதில் பொய் இல்லை. 1816இல் எதிரிப்படை துரத்தத் துரத்த ஒரு படைப்பிரிவை ஒரு மாதத்துக்கும் மேல் நடத்திக்கொண்டுவந்து காப்பாற்றியிருக்கிறார். ஆசாமி நிஜமாகவே வீரர்தான். ஆனால் 1819இல் இரண்டு இடங்களில் ஆபத்து வந்தபோது தன் ஆட்களை அப்படியே விட்டுவிட்டு இவர் மட்டும் தப்பினார். இந்த இரண்டாவது பக்கம் லண்டனில் அவ்வளவாகத் தெரிந்திருக்கவில்லை.

1820 ஏப்ரல் 29. இடம் மத்திய அமெரிக்காவில் இன்றைய ஹோண்டுராஸ் நாட்டின் வடகிழக்குக் கடற்கரை. அப்போது மஸ்கிட்டோ கரை என்று பெயர். (கொசுவால் வந்த பெயர் இல்லை, மிஸ்கிட்டோ என்ற பழங்குடி மக்களின் பெயர் அது. ஆனாலும் கொசு இந்தக் கதையில் பின்னால் வரும், பொறுங்கள்.) அங்கே ஜார்ஜ் ஃபிரடெரிக் அகஸ்டஸ் என்று ஒரு மிஸ்கிட்டோ ராஜா, பிரிட்டிஷாரின் ஆதரவில் இருந்தவர். அவரிடம் கொஞ்சம் ரம்மும் நகைகளும் கொடுத்து மெக்ரெகர் ஒரு பத்திரத்தில் கையெழுத்து வாங்கினார். 80 லட்சம் ஏக்கர். வேல்ஸ் நாட்டைவிடப் பெரியது, நம் கேரளத்தைவிடக் கொஞ்சம் சிறியது. அந்தப் பக்கம் வாழ்ந்த பாயா என்ற பழங்குடியினரின் பெயரைத் திருகி "போயாய்ஸ்" என்று வைத்தார். தனக்கு "கசீக்" என்று பட்டம் சூட்டிக்கொண்டார். ஸ்பானியர்கள் அமெரிக்கப் பழங்குடித் தலைவர்களைக் குறித்த சொல் அது. 1821இல் லண்டன் வந்து இறங்கும்போது ஒரு நாட்டின் அதிபராக இறங்கினார்.

ஒரு பத்திரத்தை வைத்துக்கொண்டு நிலத்தை விற்கலாம். நாட்டை எப்படி விற்பது? அதற்குத்தான் அந்தப் புத்தகம்.

அந்தப் புத்தகத்தில் ஆறு கால் யானை கிடையாது. இதுதான் என்னைப் பிடித்து உலுக்கிய விஷயம். ஊதா மழையும் கிடையாது, நெருப்பு கக்கும் பாம்பும் கிடையாது. பெரும்பகுதி, மஸ்கிட்டோ கரையைப் பற்றியும் அதைச் சுற்றியுள்ள பிரதேசங்களைப் பற்றியும் முன்பே வந்திருந்த பழைய புத்தகங்களிலிருந்து பக்கம் பக்கமாக எடுத்துப் போட்டது. (நான் மட்டும்தான் காப்பியடிப்பவன் என்று நினைத்தேன்.) மஹாகனி மரம் வளரும் என்றது, வளர்கிறது. கரும்பு, காபி, பருத்தி வரும் என்றது, அந்த வெப்பத்துக்கு வரக்கூடியவைதான். கடலில் ஆமை, ஆற்றில் மீன், காட்டில் வேட்டை என்றது, எல்லாம் உண்டு. இன்றைக்கும் அந்தக் காட்டில் ஜாகுவார் இருக்கிறது, டாபிர் இருக்கிறது, சிவப்புப் பஞ்சவர்ணக் கிளி இருக்கிறது, உப்பங்கழிகளில் மனாட்டி என்கிற கடற்பசு இருக்கிறது. வனவிலங்கு அத்தியாயத்தில் ஒரு கற்பனை மிருகத்தைக்கூடத் தேட வேண்டியதில்லை.

அப்புறம் பொய் எங்கே இருந்தது? அளவில் இருந்தது. காலநிலை ஆரோக்கியமானது, ஐரோப்பிய உடம்புக்கு மிகவும் ஏற்றது என்று எழுதினார்கள். மண் எவ்வளவு வளம் என்றால் வருஷத்துக்கு மூன்று முறை மக்காச்சோளம் அறுக்கலாமாம். ஒருவர் ஒரு நாள் வேட்டைக்கோ மீன் பிடிக்கவோ போனால் குடும்பத்துக்கு ஒரு வாரத்துக்குச் சாப்பாடு வந்துவிடுமாம். ஆற்று மணலில் தங்க உருண்டைகள் கிடக்குமாம். உள்ளூர் மக்கள் ஆங்கிலேயர் என்றால் உயிரை விடுவார்களாம், வேலை செய்யக் காத்திருக்கிறார்களாம். இதற்கு மேல்தான் முழுக் கற்பனை வருகிறது. செயின்ட் ஜோசப் என்று ஒரு தலைநகரம், 20,000 மக்கள், அகலமான கல் பாவிய வீதிகள், தூண் வைத்த மாளிகைகள், நாடக அரங்கம், ஓபரா, குவிமாடம் வைத்த தேவாலயம், பாராளுமன்றம், அரண்மனை, போயாய்ஸ் வங்கி!

வரிசையைக் கவனியுங்கள். முதலில் மரம், மீன், ஆமை என்று சரிபார்த்தால் சரியாக இருக்கும் தகவல்கள். நடுவில் உண்மையைக் கொஞ்சம் ஊதிப் பெரிதாக்கிய தகவல்கள். கடைசியில் ஓபரா ஹவுஸ். 300 பக்கம் தாவரமும் விலங்கும் படித்துவிட்டு வருகிறவன் ஓபரா ஹவுஸில் எதற்கு சந்தேகப்படப் போகிறான்? ஆமையின் ஓட்டைப் பற்றி இவ்வளவு விவரமாகச் சொல்கிற மனிதர் ஒரு முழு நகரத்தைப் பற்றிப் பொய் சொல்வாரா என்ன? உண்மையான விலங்குகள்தான் பொய்யான நாட்டுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டன என்று எனக்குத் தோன்றுகிறது.

படித்தவர்கள் எல்லாம் முட்டாள்களா என்று கேட்கலாம். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் அந்தக் காலத்தில் ஒரு லண்டன்வாசியால் எதைச் சரிபார்த்திருக்க முடியும்? தென் அமெரிக்காவில் வருஷத்துக்கு ஒரு புது நாடு பிறந்துகொண்டிருந்தது. கொலம்பியா, சிலி, பெரு மூன்றும் 1822இல் லண்டன் சந்தையில் 6 சதவீத வட்டிக்குக் கடன் பத்திரம் விற்றன. மூன்று நாடுகளும் பத்து, பதினைந்து வருஷத்துக்கு முன்னால் எந்த வரைபடத்திலும் தனி நாடாக இல்லாதவை. அதே சமயம் பிரிட்டிஷ் அரசாங்கம் தன் கடன் பத்திர வட்டியை 5இலிருந்து 4 சதவீதமாகக் குறைத்தது. வட்டியை நம்பி இருந்தவர்கள் எல்லாம் புது நாடுகள் பக்கம் பார்வையைத் திருப்பினார்கள். அந்தக் கூட்டத்தில் போயாய்ஸும் போய் நின்றது. 1822 அக்டோபரில் 2 லட்சம் பவுண்டுக்குக் கடன் பத்திரம் வெளியிட்டார் மெக்ரெகர். பின்னால் நின்ற வங்கி, லண்டனின் முன்னாள் மேயர் ஒருவருடையது. வங்கிக்காரர்களே நம்பினார்கள் என்றால் செருப்புத் தைக்கிறவர் நம்பாமல் இருப்பாரா?

ஸ்காட்லாந்தில் இன்னொரு காரணமும் இருந்தது. 1698இல் ஸ்காட்லாந்து பனாமாவின் டேரியன் பகுதியில் ஒரு குடியேற்றத்தை ஆரம்பித்து, இரண்டே வருஷத்தில் நோயாலும் பசியாலும் ஸ்பானியர்களாலும் எல்லாம் நாசமானது. நாடே கடனாளியானது. 1707இல் இங்கிலாந்துடன் இணைந்ததற்கு அதுவும் ஒரு காரணம். அந்த வடு ஆறவே இல்லை. மெக்ரெகர் தன் மூதாதை ஒருவர் டேரியனுக்குப் போனவர் என்று சொல்லிக்கொண்டார். அன்று விட்டதை இன்று பிடிக்கலாம் என்ற ஆசையைத் தூண்டிவிட்டார். லண்டன், எடின்பரோ, கிளாஸ்கோ மூன்று ஊரிலும் அலுவலகம் திறந்து நிலம் விற்றார்கள். தெருவில் போயாய்ஸைப் புகழ்ந்து பாட்டுப் பாட ஆள் வைத்தார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். ஏக்கர் முதலில் 2 ஷில்லிங் 3 பென்ஸ். ஒரு சாதாரணத் தொழிலாளியின் ஏறக்குறைய ஒரு நாள் கூலி! ஒரு நாள் உழைத்தால் ஒரு ஏக்கர். அதுவும் மூன்று போகம் விளையும் ஏக்கர். ஸ்காட்லாந்தின் குளிரில் வருஷத்துக்கு ஒரே அறுவடையை மழை கெடுக்காமல் இருக்க வேண்டுமே என்று பயந்துகொண்டு வாழும் மனிதனுக்கு இது எப்படி இருந்திருக்கும்? "காலநிலை" என்ற ஒரு அத்தியாயம்தான் அவர்களுக்கு அந்தப் புத்தகத்திலேயே பெரிய கவர்ச்சி என்று நினைக்கிறேன். தங்கம்கூட அப்புறம்தான்.

விலை 4 ஷில்லிங் வரை ஏறியும் விற்பனை நிற்கவில்லை. 1823 தொடக்கத்தில் சுமார் 500 பேர் நிலம் வாங்கியிருந்தார்கள்.

முதல் கப்பல் ஹோண்டுராஸ் பாக்கெட். 1822 செப்டம்பர் 10ஆம் தேதி லண்டனிலிருந்து 70 பேரோடு கிளம்பியது. இரண்டாவது கென்னர்ஸ்லி காஸில். 1823 ஜனவரி 22ஆம் தேதி எடின்பரோ பக்கத்து லீத் துறைமுகத்திலிருந்து ஏறக்குறைய 200 பேரோடு கிளம்பியது. கிளம்புவதற்கு முன்னால் பலர் தங்கள் பவுன் காசுகளைக் கொடுத்துப் போயாய்ஸ் டாலர் நோட்டுகளாக மாற்றிக்கொண்டார்கள். ஸ்காட்லாந்து வங்கிக்கு நோட்டு அடித்த அச்சகத்திலேயே அடித்த அருமையான நோட்டுகள். இல்லாத வங்கியின் நோட்டு என்பதைத் தவிர வேறு குறையே சொல்ல முடியாது.

கப்பலில் யார் யார் இருந்தார்கள் தெரியுமா? போயாய்ஸ் வங்கிக்கு மேனேஜராக நியமிக்கப்பட்ட ஒரு வங்கி ஊழியர். ராணுவத்துக்கு அதிகாரிகள். அரசாங்கத்துக்கு குமாஸ்தாக்கள். போயாய்ஸ் இளவரசியின் அதிகாரபூர்வ செருப்புத் தைப்பவர் என்று பதவி கொடுக்கப்பட்ட எடின்பரோ தொழிலாளி ஒருவர். மரம் அறுக்கும் தொழிலாளி ஜேம்ஸ் ஹேஸ்டி, மனைவி மற்றும் மூன்று குழந்தைகளோடு.

கென்னர்ஸ்லி காஸில் மார்ச் 20ஆம் தேதி போய்ச் சேர்ந்தது. அங்கே ஒரு உப்பங்கழி. ஒரு ஆற்று முகம். சுற்றிலும் காடு. இரண்டு நாள் துறைமுகத்தைத் தேடினார்கள். புத்தகத்தின் முன்பக்கத்தில் அழகான துறைமுகப் படம் வேறு போட்டிருந்தார்கள். படத்தையும் கரையையும் மாற்றி மாற்றிப் பார்த்திருப்பார்கள் என்று நினைத்தால் சங்கடமாக இருக்கிறது.

கடைசியில் கண்டுபிடித்தது துறைமுகத்தை அல்ல, முதல் கப்பலில் வந்தவர்களை! குடிசையிலும் கூடாரத்திலும் இருந்தார்கள். இந்த பிளாக் ரிவர் ஆற்றங்கரையில் 1730களில் ஆங்கிலேயர்கள் நிஜமாகவே குடியேறியிருந்தார்கள். ஸ்பெயினோடு ஏற்பட்ட ஒப்பந்தப்படி 1787இல் காலி செய்துவிட்டுப் போனார்கள். அந்த இடிபாடுதான் "செயின்ட் ஜோசப்". 20,000 மக்களுக்குப் பதிலாகச் சில பழங்குடியினரும் தனியாக வாழ்ந்த இரண்டு அமெரிக்கர்களும் இருந்தார்கள். ஹோண்டுராஸ் பாக்கெட் கப்பலைப் புயல் அடித்துக்கொண்டு போய்விட்டது. போயாய்ஸுக்கு ஆளுநராக நியமிக்கப்பட்ட ஹெக்டர் ஹால் உதவி தேடி மிஸ்கிட்டோ ராஜாவைப் பார்க்கப் போயிருந்தார்.

இங்கேதான் என் நண்பன் ஒருவன் கேட்ட கேள்வி. "நாடு இல்லைன்னா என்ன, நிலம் இருக்கே? மீன் இருக்கு, மரம் இருக்கு. உழைச்சுப் பிழைச்சிருக்கலாமே?" நியாயமான கேள்வி. பிழைக்க வழி இல்லாமல் இல்லை. அவர்கள் கொண்டுவந்த உணவு நிறையவே இருந்தது. மருந்து இருந்தது. இரண்டு டாக்டர்கள் இருந்தார்கள். ஆனால் ஆட்கள்? மெக்ரெகர் ஆள் சேர்த்தது ஒரு தலைநகரத்துக்கு. காட்டைத் திருத்த வேண்டிய இடத்துக்கு வங்கி மேனேஜர் வந்திருந்தார். கிணறு வெட்ட வேண்டிய இடத்தில் குமாஸ்தா நின்றார். ஹாலைத் தவிர மற்ற அதிகாரிகள் யாரும் கூட்டத்தை ஒழுங்குபடுத்தி வேலை வாங்க உருப்படியாக எதுவும் செய்யவில்லை. இல்லாத நாட்டில் கிடைத்த பதவியை விட்டுக் கீழே இறங்கி மண்வெட்டி எடுக்க மனசு வரவில்லை போலும்.

அப்புறம் மழை வந்தது.

புத்தகத்தின் "காலநிலை" அத்தியாயம் விழுங்கிவிட்டது இதைத்தான். அந்தக் கரைக்கு கரீபியன் கடலிலிருந்து ஈரக்காற்று நேராக வந்து மோதும். வருஷத்துக்கு 2,500 மில்லிமீட்டருக்கும் மேல் மழை. தாழ்வான கரை, உப்பங்கழி, சதுப்பு, தேங்கிய தண்ணீர். கொசு. பிறகு மலேரியா, மஞ்சள் காய்ச்சல். சின்ன வயதிலிருந்து அந்த நோய்களைப் பார்த்தே இராத ஸ்காட்டிஷ் உடம்புகள் மழையில் நனைந்துகொண்டு கீற்றுக் குடிசையில் கிடந்தன. கொசுதான் காரணம் என்றும் அவர்களுக்குத் தெரியாது. சதுப்பு நிலத்துக் கெட்ட காற்றால் காய்ச்சல் வருகிறது என்றுதான் அன்றைய மருத்துவம் நம்பியது. மலேரியாவைக் கொசு பரப்புகிறது என்பதற்கான ஆதாரத்தை ரொனால்ட் ராஸ் நம் செகந்திராபாத்தில் உட்கார்ந்து கண்டுபிடித்தது 1897இல். மஞ்சள் காய்ச்சலுக்கு 1900 வரை பொறுத்திருக்க வேண்டியிருந்தது. ஆகவே அந்தப் புத்தகத்தில் கொசு இல்லாததற்கு மெக்ரெகரை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் அந்தக் கரையில் வெள்ளைக்காரர்கள் காய்ச்சலில் செத்தார்கள் என்பது அவருக்குத் தெரியாமல் இருந்திருக்க முடியாது. கரீபியன் பக்கம் எட்டு வருஷம் போர் செய்தவர் அவர். நோயில் படைவீரர்கள் விழுவதைக் கண்ணால் பார்த்தவர். அந்த மனிதர்தான் "ஐரோப்பிய உடம்புக்கு ஏற்றது" என்ற வரியை அச்சில் வர விட்டார். அவருடைய ஓபரா ஹவுஸை என்னால் ரசித்துச் சிரிக்க முடிகிறது. இந்த ஒரு வரியை மட்டும் முடியவில்லை.

இளவரசிக்குச் செருப்புத் தைக்க வந்த தொழிலாளி தன்னைத்தானே சுட்டுக்கொண்டு இறந்தார். வரிசையாக ஆட்கள் விழுந்தார்கள். மே மாதத் தொடக்கத்தில் மெக்சிகன் ஈகிள் என்ற கப்பல் தற்செயலாக அந்தப் பக்கம் வந்தது. பிரிட்டிஷ் ஹோண்டுராஸின், அதாவது இன்றைய பெலீஸின், தலைமை நீதிபதி அதில் இருந்தார். போயாய்ஸ் என்று ஒரு நாடே கிடையாது என்று முதன்முதலாக அவர்கள் காதில் போட்டவர் அவர்தான். சில பேர் அப்போதும் நம்பவில்லையாம். ஹாலும் திரும்பி வந்து, மிஸ்கிட்டோ ராஜா நிலப் பத்திரத்தையே ரத்து செய்துவிட்டார் என்ற செய்தியைச் சொன்னார். கசீக் என்று யாருக்கும் பட்டம் கொடுக்கவில்லை, நிலத்தை விற்கும் உரிமையும் தரவில்லை என்பது ராஜாவின் பேச்சு. அதாவது இவர்கள் அங்கே இருப்பதே சட்டவிரோதம்!

பல நடைகளாக அவர்களை பெலீஸுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே ஆஸ்பத்திரியில் இன்னும் பல பேர் இறந்தார்கள். கிளம்பிய சுமார் 250 பேரில் குறைந்தது 180 பேர் சாவு. பிரிட்டனுக்குத் திரும்பியவர்கள் 50 பேருக்கும் குறைவு. 1823 அக்டோபர் 12ஆம் தேதி அவர்கள் வந்த கப்பல் லண்டனைத் தொட்டது. அதற்குள் பெலீஸிலிருந்து எச்சரிக்கை போயிருந்ததால் போயாய்ஸுக்குக் கிளம்பியிருந்த மற்றக் கப்பல்களை நடுக்கடலிலேயே பிரிட்டிஷ் கடற்படை திருப்பி அனுப்பியது. இல்லாவிட்டால் எண்ணிக்கை எங்கே போய் நின்றிருக்குமோ.

இனிமேல்தான் எனக்குப் புரியாத பகுதி. திரும்பி வந்தவர்கள் மெக்ரெகர் மீது பாய்ந்திருக்க வேண்டும் அல்லவா? சில பேர் சேர்ந்து, தவறு அவருடையது இல்லை, ஹாலும் மற்றவர்களும்தான் கெடுத்தார்கள் என்று உறுதிமொழிப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டார்கள். மரம் அறுக்கும் ஹேஸ்டி இரண்டு குழந்தைகளை அந்தக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்தவர். அவர் அந்தப் பயணத்தைப் பற்றி ஒரு சின்னப் புத்தகம் எழுதி வெளியிட்டார். அதில் அவரும் மெக்ரெகரைக் குற்றம் சொல்லவில்லை, விளம்பரம் செய்தவர்களைத்தான் சொன்னார். எவ்வளவு யோசித்தாலும் எனக்கு ஒரே விளக்கம்தான் தோன்றுகிறது. மெக்ரெகர் பொய்யர் என்று ஒப்புக்கொண்டால் தன் பிள்ளைகள் ஒன்றுமே இல்லாத ஒன்றுக்காகச் செத்தார்கள் என்றும் ஒப்புக்கொள்ள வேண்டும். நிர்வாகம் சொதப்பிய ஒரு நல்ல நாட்டுக்காகச் செத்தார்கள் என்றால் கொஞ்சமாவது தாங்கிக்கொள்ள முடியும். நான் சொல்வது தப்பாகக்கூட இருக்கலாம்.

மெக்ரெகர்? கப்பல் வருவதற்குள் பிரான்சுக்குப் போய்விட்டார். அங்கே போயும் சும்மா இருக்கவில்லை, அதே போயாய்ஸை பிரெஞ்சுக்காரர்களுக்கு விற்க ஆரம்பித்தார். ஆனால் பிரெஞ்சு அதிகாரிகள் கொஞ்சம் உஷார். பெயரே கேள்விப்படாத நாட்டுக்குப் போக இத்தனை பேர் பாஸ்போர்ட் கேட்கிறார்களே என்று விசாரித்து ஆளைப் பிடித்தார்கள். வழக்கு நடந்தது. 1826 ஜூலையில் மெக்ரெகர் விடுதலை, கூட்டாளி ஒருவருக்கு மட்டும் தண்டனை. மறுபடி லண்டன் வந்து 1827இல் 8 லட்சம் பவுண்டுக்குப் புதுப் பத்திரம் வெளியிடப் பார்த்தார். 1825இல் வந்த நிதி நெருக்கடியில் நிஜமான லத்தீன் அமெரிக்க நாடுகளின் பத்திரங்களே கவிழ்ந்து கிடந்த நேரம் அது. பெரிதாக யாரும் வாங்கவில்லை. அப்படியும் 1830களில் சின்னச் சின்னதாகப் போயாய்ஸ் நிலத்தை விற்க முயன்றுகொண்டே இருந்தார். 1838இல் மனைவி இறந்ததும் வெனிசுவேலாவுக்கே திரும்பினார். பழைய விடுதலைப் போர் வீரர் என்று அந்த நாடு அவருக்குக் குடியுரிமை கொடுத்தது, ஓய்வூதியம் கொடுத்தது. 1845 டிசம்பரில் இறந்தபோது கராகஸ் தேவாலயத்தில் ராணுவ மரியாதையோடு அடக்கம் செய்தார்கள். வெனிசுவேலாக்காரர்களின் கணக்கில் அது நியாயம்தான், அவர்களுக்காக அவர் செய்த போர் கற்பனை இல்லை.

அந்த இடத்தைப் பற்றி ஒரு வார்த்தை. போயாய்ஸ் என்று அவர் கோடு போட்ட பகுதியை ஒட்டி இன்று ரியோ பிளாட்டனோ காப்பகம் இருக்கிறது. 1980இல் உயிர்க்கோளக் காப்பகமாக ஆனது, 1982இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. பாயா என்று மற்றவர்கள் அழைத்த மக்கள் தங்களை பெச் என்று சொல்லிக்கொள்கிறார்கள். அவர்களோடு மிஸ்கிட்டோ, தவாக்கா, கரிஃபுனா மக்களும் அங்கே வாழ்கிறார்கள். காடழிப்பும் சட்டவிரோத ஆக்கிரமிப்பும் அதிகமானதால் 1996இலும் மறுபடி 2011இலும் ஆபத்தில் உள்ள இடங்கள் பட்டியலில் யுனெஸ்கோ அதைச் சேர்த்தது. நிலத்தை வெட்டிக் கூறுபோட்டு விற்க இன்றைக்கும் ஆட்கள் வருகிறார்கள், அவர்களுக்குப் புத்தகம் போட வேண்டிய அவசியம்கூட இல்லை.

கென்னர்ஸ்லி காஸில் பயணிகள் இரண்டு நாள் தேடிய அந்த ஆற்று முகத்துக்குப் பக்கத்தில் இப்போது ஒரு சின்ன ஊர் இருக்கிறது. அதன் பெயர் பலாசியோஸ். ஸ்பானிஷ் மொழியில் அந்தச் சொல்லுக்கு "அரண்மனைகள்" என்று அர்த்தம்.